கிட்டாரின் பின்கழுத்தில் ஒரு ஸ்டிக்கர்

1

இது கதையே இல்லை. நான் வேலை பார்க்கும் இணைய இதழில் 'வாங்குவோர் கவனத்துக்கு' என்றொரு பகுதி உண்டு. பழைய பைக், பழைய ஃபிரிட்ஜ், பழைய கட்டில் எல்லாம் என் கைவண்ணம்தான். "பழசுன்னா நீதாம்மா எக்ஸ்பர்ட்" என்பார் எடிட்டர். பாராட்டுகிறாராம். இந்த வாரத் தலைப்பு: முன்பின் தெரியாதவரிடம் பழைய கிட்டார் வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி? பத்துக் குறிப்புகள். "கோபமில்லாம எழுதிக் குடும்மா."

ஒன்பது குறிப்புகளை எழுதிவிட்டேன். மாட்டிக்கொண்டது முதல் குறிப்பில்: 'ஏன் விற்கிறீர்கள் என்று விற்பவரிடம் கேளுங்கள்.'

எங்கள் வீட்டில் யாரும் கேட்கக் கூடாத கேள்வி அது. இந்த வாரம் நான் கேட்டுவிட்டேன். அதனால்தான் இது கதையாகிவிட்டது.

2

எங்கள் வீட்டுக்குப் புதிதாக வந்தவை நானும் தங்கையும் மட்டும்தான். அதிலும் அவளுக்கு என் சட்டை. மற்றதெல்லாம் அம்மா வேலை செய்த வீடுகளில் இருந்து வந்தவை.

"ஏன் குடுக்கறீங்கன்னு கேக்காதடி. அவங்களுக்கு என்ன கஷ்டமோ, என்னவோ. வாய மூடிட்டு வாங்கிட்டு வா."

வாயை மூடிக்கொண்டு வாங்கினோம். ஆகவே எங்கள் மின்விசிறிக்கு ஒரே வேகம். வாஷிங் மெஷின் துவைக்கும், பிழியாது. பட்டம் வாங்கிய பிறகும் நான் துணியைக் கையால்தான் பிழிகிறேன். அம்மாவின் நாகரிகத்தைக் குறை சொல்லவில்லை. அந்த நாகரிகத்தைக் கொடுத்த வீட்டுக்காரர்களும் கொஞ்சம் கற்றிருக்கலாம் என்கிறேன்.

(எடிட்டர் இந்தப் பத்தியை வெட்டுவார். வெட்டட்டும்.)

3

ஆரம்பித்துப் பார்த்தவை:

கதவைத் திறந்தவனின் கண்களில் நரியின் தந்திரம்— (நான் நரியைப் பார்த்ததே இல்லை.)

இசை என்பது ஏழைகளின்— (சீ.)

அன்று வானம்— (வானத்தை யார் பார்த்தார்கள்? நான் கைபேசியில் முகவரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.)

நேராகவே சொல்கிறேன். கதவைத் திறந்தவர் ஓர் ஏ.சி. மெக்கானிக். மூன்று கட்டில்கள் நெருக்கியடித்த அறை. ஆணியில் நீலச் சீருடை, அதற்குக் கீழே கருவிப் பை. நடுக்கட்டிலில், காய்ச்சல்காரரைப் போலக் கழுத்துவரை போர்வை மூடிப் படுத்திருந்தது கிட்டார்.

கிட்டார் தங்கைக்கு. கல்லூரி இசை அறையில் இருந்த ஒரே கிட்டாரில் தானாகப் பழகியவள். அடுத்த மாதம் படிப்பு முடிகிறது, அதோடு அந்த அறையும் அவளுக்கு மூடிவிடும். இப்போதே பஸ்ஸில் மர ஸ்கேலில் ஆறு கோடு கிழித்து, அதன் மேல் விரல் வைத்துப் பழகுகிறாள். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அவள் பையில் இருந்தது.

மாடிப்படியில் ஏறும்போதே எச்சரித்திருந்தாள்.

"அக்கா, நீ வாயத் தொறக்கவே கூடாது."

"அப்ப எதுக்குடி என்னைக் கூட்டிட்டு வந்த?"

"சும்மா மொறச்சிட்டு நில்லு. அது உனக்குத் தன்னால வரும்."

4

முறைத்துக்கொண்டுதான் நின்றேன். நகத்தைக் கடித்துக்கொண்டே என் குறிப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக் கிட்டாரின் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். வயிற்றைத் தட்டினேன். சம்பந்தி வீட்டில் குறை தேடும் அத்தை தோற்றாள்.

"அண்ணா, வாசிச்சுப் பாக்கட்டுமா?" என்றாள் தங்கை.

(அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் அதோடு பேரம் செத்தது. இதைப் பதினோராவது குறிப்பாகச் சேர்க்க வேண்டும்.)

"எடுத்துப் பாரும்மா. கேக்கவே வேணாம்."

ஸ்ருதி சேர்த்து வாசித்தாள். அந்த அறையின் சிமென்ட் நாற்றம்கூடச் சற்று நேரம் ஒதுங்கி நின்றது. பாதியில் முகம் சுளித்தாள். தடித்த கம்பியின் ஸ்ருதி இறங்கியிருந்தது. திருகி ஏற்றினாள். மறுபடி வாசித்தாள். மறுபடி இறங்கியது. மெக்கானிக் கருவிப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கிட்டாரை வாங்கித் திருப்பினேன். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில், பின்பக்கம், ஒரு மஞ்சள் நிலா ஸ்டிக்கர்.

என் ஆறாவது குறிப்பு இது: 'கிட்டார் கீழே விழுந்தால் உடைவது பெரும்பாலும் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில். பசை போட்டு ஒட்டி, மேலே எதையாவது மறைப்பாக வைத்திருப்பார்கள். உடைந்த கழுத்தில் ஸ்ருதி நிற்காது.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது. திருட்டுப்பயல் என்று மனதுக்குள் எழுதிவிட்டேன். (அந்தச் சொல்லை அப்புறம் நீக்க நினைத்தேன், ஆனால் நீக்கவில்லை. நீங்களும் பாருங்கள்.)

5

"ஏன் விக்கறீங்க?"

தங்கை என் இடுப்பில் கிள்ளினாள். சதையோடு.

"எனக்கு வரலங்க" என்றார் அவர்.

"என்ன வரல?"

"இதுதான். வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். கொஞ்ச நேரம் நல்லாத்தான் இருக்கும். அப்புறம் ஏதோ கோணிக்கும். ரூம்ல இவனுங்களுக்கு ஒண்ணுமே தெரியல, எனக்கு மட்டும் காதக் குத்தும். எங்க வீட்ல பாட்டுகீட்டுன்னு யாருக்கும் பழக்கமில்ல. நம்ம கைக்கு ஸ்பேனர்தான் எழுதியிருக்குன்னு விட்டுட்டேன்."

"இந்த ஸ்டிக்கர்?"

"வாங்கும்போதே இருந்துச்சு. அழகா இருக்கேன்னு விட்டுட்டேன்."

"உங்களுக்கு வித்தவங்க ஏன் வித்தாங்க?"

"கேக்கலங்க. அந்தக்காவுக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. அதப் போய்க் கேட்டா நல்லாவா இருக்கும்? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செருப்பு பிஞ்சிரும்."

கையில் ஓங்கிய கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவருக்கும் ஓர் அம்மா. என் அம்மா மாதிரியே ஓர் அம்மா.

6

இங்கே கதை மூன்றாகப் பிரிகிறது.

ஒன்று: அவர் நன்றாக நடிக்கிறார். ஸ்டிக்கரை ஒட்டியதே அவர்தான். எடிட்டருக்கு இது பிடிக்கும், தலைப்புக்கும் பொருந்தும். எழுதிப் பார்த்தேன். 'காதக் குத்தும்' என்று அவர் சொன்ன இடத்தில் பேனா நின்றுவிட்டது. பொய் சொல்பவர் அந்த வலியை எங்கிருந்து கடன் வாங்குவார்?

இரண்டு: ஸ்டிக்கருக்குக் கீழே ஒன்றுமில்லை. கம்பியை முறுக்கும் திருகுதான் தேய்ந்திருக்கிறது. ஒரு நல்ல மனிதரை அவர் அறையிலேயே சந்தேகப்பட்டுவிட்டு, தலை குனிந்து படியிறங்குகிறோம்.

மூன்று: கீழே விரிசல் இருக்கிறது. தங்கைக்குக் கிட்டார் இல்லை, மறுபடி மர ஸ்கேல்தான். அவருக்கு விற்பனை இல்லை. ஆனால் அவருக்கு ஒன்று தெரிந்துவிடும்: கோணல் அவர் கையில் இல்லை. கோணுகிறது என்று கண்டுபிடித்ததே அந்தக் காதுதான்.

(கல்லூரி முதல் வருடம் வகுப்பில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்து, எனக்கு மூளை இல்லை என்றே முடிவு கட்டியிருந்தேன். நடத்தியவருக்கு நடத்தத் தெரியாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கோபம்தான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது.)

மூன்றாவதை எழுதி முடித்திருப்பேன். தங்கைதான் விடவில்லை. என் காதில் கிசுகிசுத்தாள்:

"வாங்கிட்டுப் போயிடலாம்க்கா. அந்த அண்ணா பாவம். நான் அப்பப்ப ஸ்ருதி ஏத்திக்கறேன்."

அதாவது இன்னொரு மின்விசிறி. இன்னும் சில மாதங்களில் இவளும் யாருக்காவது கதவைத் திறந்து, 'எனக்கு வரலங்க' என்பாள். வந்தவர் இவள் கண்ணைப் பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் வாங்கிப் போவார். நிலா மட்டும் அழகாக, பத்திரமாக, வீடு வீடாகப் போகும்.

7

"இத உரிச்சுப் பாக்கட்டுமா?" என்று அவரிடமே கேட்டேன்.

"உரிச்சா என்னங்க தெரியும்?"

என்னவென்று சொல்வது? உங்கள் கிட்டார் செல்லாது என்றா, நீங்கள் செல்லுவீர்கள் என்றா? இரண்டும் ஒரே ஸ்டிக்கருக்குக் கீழேதான் இருக்கின்றன.

அவர் என்னையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, முழங்காலைக் கையால் பற்றிக்கொண்டு சொன்னார்:

"பாருங்க. எனக்கும் தெரியணும்."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். நான் நிலாவின் ஓரத்தைத் தடவினேன். மேல்முனை லேசாகத் தூக்கியிருக்கிறது. பிடித்து இழுக்கத்தான் முடியவில்லை. கடித்துக் கடித்து, என் விரல்களில் ஒன்றில்கூட நகம் மிச்சமில்லை.

உங்களுக்கு இருக்கிறதல்லவா? கொஞ்சம் கையைக் கொடுங்கள்.