கார் பார்க்கில் ஒரு கோடை

அப்பா மோட்டர்ஹோம் என்கிற வீட்டு வண்டியை வாங்கியதற்குக் காரணம் ஒரு கோடு. பல்வைத்தியரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, மேசையில் கிடந்த ஒரு கரவன் சஞ்சிகையில் அதைப் பார்த்திருக்கிறார். தை மாதத்தில் தரையோடு படுத்துக் கிடக்கும் கோடு ஈஸ்டருக்குத் தலை தூக்கி, ஆடி ஆவணியில் உச்சிக்கு ஏறி, ஐப்பசியில் தொப்பென்று விழுந்தது. எந்த மாதத்தில் எத்தனை பேர் கரவனை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்புகிறார்கள் என்பதைக் காட்டும் கோடு அது. அப்பா அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துக்கொண்டு வந்துவிட்டார். பல்லைக் காட்டினாரா என்று அம்மா இன்றுவரை கேட்கிறாள்.

"இவ்வளவு சனமும் விசரரே, செல்வம்? கோடை வந்தா முழு நாடும் கடலுக்குப் போகுது. நாங்கள் தோர்ண்டன் ஹீத்தில இருந்து பக்கத்துக் குரொய்டனுக்குப் போய் வாறம்," என்றார் அம்மாவிடம்.

"குரொய்டனில சாமான் மலிவு," என்றாள் அம்மா.

அப்பாவின் பெயர் வாமதேவன். லண்டனில் வீடுகளைச் சூடாக்கும் போயிலர்களைத் திருத்துகிறார். இங்கே வருவதற்கு முன் ஜெர்மனியில் ஒரு பெரிய வீதியோரப் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார். கோடை முழுவதும் கரவன்களுக்குக் கண்ணாடி துடைத்து விட்டுக் கடல் இருக்கும் திசைக்கு வழி சொல்லுவாராம். அவர் போனதில்லை. அவருக்கு இருந்த ஆசை பெரியதும் அல்ல. கடலுக்குப் பக்கத்தில் தன் சொந்த வண்டிக்குள் ஒரு இரவு படுக்க வேண்டும். விடிந்ததும் யன்னல் சீலையை விலக்கிக் கடலைப் பார்க்க வேண்டும்.

பங்குனியில் வண்டி வந்து வீட்டு முன்றலில் நின்றது; எங்கள் ஆட்களுக்கு அதுவும் கரவன்தான். அன்றிலிருந்து எங்கள் முன்னறைக்கு வெளிச்சம் வருவதில்லை.

வைகாசியில் முதல் பயணம் என்று அப்பா முடிவெடுத்தார். கென்ட் கடற்கரையில், கரவன்கள் நின்று தங்கும் ஒரு கேம்ப்சைட்டில் இடம் பதிந்துவிட்டு வந்து சொன்னார். அம்மா சுவரில் தொங்கிய கோவில் கலண்டரைப் பார்த்தாள்.

"அண்டைக்கு ஏலாது. பெரியம்மான்ர பேத்திக்குச் சாமத்திய வீடு."

"அப்ப அடுத்த சனி."

"கல்யாணம். அதுக்கடுத்த சனி ஒரு செத்த வீட்டு அந்தியேட்டி. அதுக்கடுத்ததும் கல்யாணம், ஆனா பொம்பிளை வீட்டுப் பக்கம்தான், பின்னேரம் போனாலும் காணும்."

அப்பா கலண்டரைப் பார்த்தார். சஞ்சிகையில் கோடு ஏறிய அதே மாதங்களில்தான் எங்கள் கலண்டரும் நிறைந்திருந்தது. லண்டனில் எங்கள் சனம் பூப்பெய்துவதும் கல்யாணம் கட்டுவதும் பழைய மாணவர் சங்கப் போட்டிகளில் ஓடி விளையாடுவதும் வெயிலில்தான். ஆடியில் கல்யாணம் இல்லை என்று ஆறுதல்பட்டால், ஆடியில் கோவில் தேர்கள். நாடு முழுவதும் கடலுக்குப் போகிற நேரத்தில் நாங்கள் மண்டபங்களுக்குப் போகிறோம் என்பதை அந்தச் சஞ்சிகைக்காரர்கள் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஆனி தொடக்கத்தில் றஜீவ் அங்கிள் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் கல்யாண மேடைகளில் மணவறை சோடிப்பவர், அப்பாவின் கூட்டாளி.

"அண்ணை, உங்கட கரவனுக்குள்ள கண்ணாடி இருக்கோ?"

"இருக்கு."

"லைட்?"

"எல்லாம் இருக்கு. நீர் கடலுக்கோ போறீர்?"

"ஹரோ மண்டபத்துக்கு. சாமத்திய வீடு, பிள்ளை அஞ்சு உடுப்பு மாத்த வேணும். ஹோலில உடுப்பு மாத்திற அறைக்குள்ள மழை ஒழுகுது. கார் பார்க்கில ஒரு நாள் கொண்டுவந்து நிப்பாட்டிவிடுங்கோ. ஒரே ஒரு நாள்."

ஒரு நாள்தானே என்று அப்பா ஒத்துக்கொண்டார். வண்டிக்கு யாராவது காவல் இருக்க வேண்டும். மகள் நான் அந்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டு, மேலே படிக்காமல் வீட்டில் இருந்ததால் என்னைக் கூட்டிப்போனார். எனக்கும் அது வசதிதான். மண்டபத்துக்குள் போனால் எல்லோரும் என்ன படிக்கிறாய் என்று கேட்பார்கள். வண்டியின் முன் இருக்கையில், சீலைக்குப் பின்னால் இருந்தால் யாரும் கேட்பதில்லை.

அன்றையச் சாமத்திய வீட்டில் பெரிய பிள்ளையானவள் ஓவியா. தாய் சிவரூபினி அன்ரி ஒவ்வொரு உடுப்புக்கும் ஒருமுறை அவளை இழுத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினார்.

"அம்மா, மூச்சு விட ஏலாமக் கிடக்கு."

"மூச்சு பிறகு விடலாம். வீடியோக்காரர் நிக்கிறார்."

"பசிக்குது."

"லிப்ஸ்டிக் போட்டாச்சு. இனி நாளைக்குத்தான் சாப்பாடு."

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஓவியாவின் குரல் மட்டும் கேட்டது. "இந்தக் கட்டில் நல்ல சொஃப்ட். நான் இஞ்சயே படுக்கிறன், நீங்கள் போய் ஆரத்தி எடுங்கோ."

அப்பா வெளியே நின்றார். உள்ளே பெண்கள் உடுப்பு மாற்றும்போது சொந்தக்காரன் என்றாலும் ஏற முடியாது. தூறல் தொடங்கியதும் ஒரு பீங்கான் தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வீடியோவை லண்டன் முழுவதும் பார்த்தது. படி இறங்கி வரும் ஓவியாவுக்குப் பின்னால் எங்கள் வண்டி வெள்ளை வெளேரென்று நின்றது. அடுத்த கிழமையே மூன்று வீட்டார் கேட்டார்கள். அம்மாவின் பக்கத்து ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு அப்பாவின் பக்கத்து ஆட்களுக்கு மறுக்க முடியாது. ஒரு பெரியப்பாவுக்குக் கொடுத்தால் மற்றப் பெரியப்பா கதைக்க மாட்டார். ஆடி பிறப்பதற்குள் கரவன் இல்லாத விசேஷம் ஒரு மாற்றுக் குறைந்த விசேஷம் என்றாகிவிட்டது. அழைப்பிதழ் ஒன்றில், இராப்போசனம் உண்டு என்பதற்குக் கீழே, கரவன் வசதி உண்டு என்று அச்சடித்திருந்தார்கள்.

அப்பா ஒவ்வொரு சனியும் ஒரு கார் பார்க்கில் நின்றார். கட்டில் மெத்தையில் மல்லிகையும் ஹெயார் ஸ்பிரேயும் மணத்தன. அடுப்பில் ஒருநாளும் தேநீர் வைக்கவில்லை. அதன்மேல் தலைமயிர் சுருட்டும் கருவிகள் கிடந்தன. கோடை முடியும்வரை அந்த வண்டி லண்டனைச் சுற்றி ஓடும் பெரிய வீதியைத் தாண்டவே இல்லை.

புரட்டாதியில் ஏதோ ஒரு கரவன் சங்கத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் வந்தாள். வண்டி வைத்திருப்பவர்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். இந்தக் கோடையில் எத்தனை தடவை வண்டியை வெளியே எடுத்தீர்கள் என்று கேட்டாள். அப்பா பொய் சொல்லத் தெரியாதவர்.

"கிட்டத்தட்ட ஒவ்வொரு கிழமையும்," என்றார் ஆங்கிலத்தில்.

அவள் அசந்துபோனாள். அப்படியானவர்கள் மிகக் குறைவு என்றாள். எங்கே போனீர்கள் என்று கேட்டாள்.

"ஹரோ. மனோர் பார்க். பிறகு திரும்ப ஹரோ."

எல்லாம் லண்டனுக்குள்ளேயே உள்ள இடங்கள். அங்கே நல்ல காட்சிகள் உண்டா என்று கேட்டாள்.

"ஓம்," என்றார் அப்பா. "காட்சிக்குக் குறையில்லை."

அந்த வருடத்துக் கோட்டின் உச்சியில் எங்கள் பங்கும் சேர்ந்திருக்கும்.

பிறகு குளிர் வந்தது. கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்ததும் எங்கள் கலண்டர் துடைத்து வைத்ததுபோல் வெறுமையானது. மார்கழியில் எங்கள் ஆட்கள் எந்த நல்ல காரியமும் தொடங்க மாட்டார்கள். அப்பா ஒரு பின்னேரம் அதன் முன்னால் நீண்ட நேரம் நின்றார்.

"செல்வம், வாற வெள்ளி போவம். அந்தக் கென்ட் சைட் வருசம் முழுக்கத் திறந்திருக்குதாம்."

"மார்கழியிலயோ? புதுசா ஒண்டும் தொடங்கக் கூடாதப்பா."

"இது தொடக்கம் இல்லை. சும்மா போறது."

"முதல் பயணமெல்லோ?"

"என்ன முதல் பயணம்? ஹரோவுக்கு எத்தினை தரம் போயிட்டுது."

அம்மா நிபந்தனை போட்டாள். திருவெம்பாவைப் பூசைக்கு முன் திரும்பிவிட வேண்டும், சனியோ ஞாயிறோ தனக்குக் குளிர்ந்தால் உடனே வெளிக்கிட வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தாள்.

வெள்ளி நாங்கள் போய்ச் சேரப் பின்னேரம் நாலு மணி, ஆனால் குளிர்காலம். இருட்டிவிட்டது. காவலாளிப் பெண் கம்பளித் தொப்பியோடு ஓடிவந்து, இந்தக் கிழமை நீங்கள் மட்டும்தான், விரும்பிய இடத்தில் நில்லுங்கள் என்றாள். அப்பா புல்வெளியின் கடற்பக்கத்தில், வண்டியின் மூக்கு கடலைப் பார்த்தபடி நிறுத்தினார். கடல் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

சனி விடிந்ததும் அப்பா எழும்பிச் சீலையை விலக்கினார். வெளியே பனிப்புகார். கண்ணாடிக்கு வெளியே பால் கொட்டிய மாதிரி இருந்தது.

"கடல் உதுக்குள்ளதான் நிக்குது," என்றார். "நாளைக்கு வெளிக்கும்."

மத்தியானம் சைட்டின் வேலிக்கு வெளியே ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் சிவரூபினி அன்ரி. பின்னால் ஓவியா, ஜக்கெட்டுக்குள் கழுத்துவரை புதைந்திருந்தாள். மார்கழியில் அவர்களுக்கும் விசேஷம் எதுவும் இல்லை, கடலைப் பார்க்க வந்தவர்கள். அன்ரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து எங்கள் வண்டியை அடையாளம் கண்டார். அவருடைய முகம் மாறியது.

"வாமதேவன் அண்ணை, என்ன இஞ்ச விசேஷம்?"

"ஒண்டுமில்லை. சும்மா வந்து நிக்கிறம்."

"கரவன் நிக்குது."

"ஓம், எங்கட கரவன்தானே."

"நாங்கள் அழைக்காத வீட்டுக்கு வர மாட்டம் அண்ணை. பயப்பிடாதேங்கோ." அன்ரியின் பார்வை என் தலையிலிருந்து கால்வரை இறங்கியது. அன்று குளிரில் அம்மாவின் பழைய பட்டுச் சால்வையைப் போர்த்தியிருந்தேன். "எங்களுக்குச் சொல்லாட்டியும் பரவாயில்லை. பிள்ளை நல்லா இருந்தாச் சரி."

அவர் போய் அரை மணித்தியாலத்தில் அம்மாவின் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதலில் தோர்ண்டன் ஹீத், பிறகு ஹரோ, பிறகு பாரிசிலிருந்து மாமி. வாமதேவன் மகளுக்குக் கடற்கரையில் இரகசியமாகக் கல்யாணம். கோவிலில் வைக்க முடியாத கல்யாணம். அதுவும் மார்கழியில். மார்கழியில் செய்வதென்றால் எவ்வளவு அவசரமாக இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் சொல்லாமல் சொன்னார்கள். மாப்பிள்ளை யார் என்று அறிய எனக்கும் ஆசையாக இருந்தது.

அம்மா தொலைபேசியைக் கட்டிலில் எறிந்தாள். "சாமானைக் கட்டுங்கோ. இப்பவே போவம். எங்கட முகத்தைச் சனத்துக்குக் காட்ட வேணும்."

அப்பா கால்களைச் சப்பாத்துக்குள் விட்டார். கயிறுகளைக் கட்டினார், தண்ணீர்க் குழாயைக் கழற்றினார். வாழ்நாளில் முதல் தடவையாகச் சொந்த வண்டிக்குள் கடலின் சத்தம் கேட்கப் படுத்தவர், அதைக் காணாமலே திரும்பப் போகிறார். எனக்குத் தாங்கவில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"இப்ப ஓடிப்போனா, பிடிபட்டுட்டினம் எண்டுதானே சொல்லுவினம்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் இருந்துவிட்டாள்.

"அது சரி," என்றாள். "நில்லுங்கோப்பா. நாங்கள் ஏன் ஓட வேணும்? நாளைக்குப் பின்னேரம் ஆறுதலாப் போவம். குழாயைத் திரும்பப் பூட்டுங்கோ."

அம்மாவின் இத்தனை வருடப் பாசத்தாலும் ஒரு கோடை முழுவதும் காத்திருந்ததாலும் கிடைக்காத இரண்டாவது இரவு அப்பாவுக்குச் சனத்தின் வாயால் கிடைத்தது. அன்றைக்குத்தான் அந்த அடுப்பில் முதல்முறையாகத் தேநீர் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை பனிப்புகார் இல்லை. சீலையின் ஓரங்களில் செம்மஞ்சள் வெளிச்சம் கசிந்தது. அப்பா எங்களையும் எழுப்பினார். முகம் கழுவி, சீப்பால் தலை இழுத்து, ஒரு கோவில் திரையைத் திறப்பதுபோல் சீலையை மெதுவாக விலக்கினார்.

கடலுக்கும் எங்களுக்கும் இடையில் நான்கு கார்கள் வரிசையாக நின்றன. நடுவில் றஜீவ் அங்கிளின் உயரமான வான். முகூர்த்தம் விடியற்காலையில்தான் இருக்கும் என்று கணக்குப் பார்த்து, இருட்டோடு லண்டனிலிருந்து வெளிக்கிட்டிருக்கிறார்கள். காவலாளிப் பெண், உங்கள் குடும்பம் எவ்வளவு பெரியது என்று வியந்தபடி வாசலைத் திறந்து விட்டிருக்கிறாள். பெரியம்மா கையில் தாம்பாளத்தோடு இறங்கினார். சிவரூபினி அன்ரியும் வந்திருந்தார், வேலிக்கு இந்தப் பக்கம்.

அப்பா கதவைத் திறந்தார். "றஜீவ், உம்மட வான் கடலை மறைக்குது, கொஞ்சம் அரக்கி விடும்."

"முதலில மாப்பிள்ளையைக் காட்டுங்கோ அண்ணை."

அவர்கள் வண்டிக்குள் பார்த்தார்கள். குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார்கள். என்னையும் ஒரு பாண் துண்டையும் தவிர வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. பெரியம்மாவின் முகத்தில் கவலை தெரிந்தது, கல்யாணம் நடந்திருந்தால்கூட அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார்.

"அப்ப என்னத்துக்கு இஞ்ச வந்தனீங்கள்?"

"கடல் பாக்க," என்றார் அப்பா.

ஒருவரும் நம்பவில்லை. ஆனால் வந்தாயிற்று. தாம்பாளத்தில் பலகாரம் இருந்தது, அம்மா தேநீர் ஊற்றினாள், சாப்பிட்டார்கள். றஜீவ் அங்கிள்தான் முதலில் திரும்பித் தண்ணீரைப் பார்த்தார். இரண்டு கையாலும் சட்டம் போட்டு, ஒரு கண்ணை மூடினார்.

"அண்ணை. மணவறையை அந்த மணலில வைச்சு, பின்னால கடல், பக்கத்தில கரவன். ஒருத்தரும் இன்னும் செய்யேல்லை."

"எங்கட சின்னவளின்ர சாமத்திய வீட்டை அப்பிடி வைப்பம்," என்றார் சிவரூபினி அன்ரி உடனே. "கோடையில."

ஓவியா என் பக்கம் குனிந்து, "தங்கச்சி பாவம்," என்றாள்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா றஜீவ் அங்கிளின் வானுக்கும் பெரியம்மாவின் காருக்கும் இடையில் இருந்த ஒடுங்கிய இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு கை அகலத்துக்குக் கடல் தெரிந்தது.

"சனத்தின்ர கார்கள் கரவனுக்குப் பின்னால நிக்க வேணும்," என்றார்.

"அது ஏலாது அண்ணை. காரெல்லாம் வீடியோவில வராட்டிச் சனம் வராது."

அப்பா இன்னொரு தரம் அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு எந்த மாதம் என்று கேட்டார்.