அடியில் வைத்த கெப்பாசிட்டர்

ஜெர்மன் இன்ஜினியர் வேபர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்ததும் ஜெயசீலி மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள். போட்டுவிட்டால் அதன் வரைபடம் தயாரிப்புக்காக அன்றைக்கே ஜெர்மனிக்குப் போய்விடும். எஸ்.டி.டி. பூத்தில் பேசப் பேசக் கட்டணம் காட்டும் பெட்டி அது. வோல்டேஜ் இறங்கினாலும் கணக்கு அழியவில்லை என்றது சோதனை அறிக்கை. ஆனால் சோதனையில் தேறியது வேபர் வரைந்த பெட்டி இல்லை.

அவருடைய பெட்டி முதல் சோதனையிலேயே தோற்றிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டின் பட்டறைகள் எல்லாம் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் சட்டென்று இறங்க, ஓடிக்கொண்டிருந்த கட்டணம் பூஜ்யமாகிவிட்டது. வேபர் அப்போது ஊருக்குப் போயிருந்தார்.

"பாவம், மனுஷன் ஆசையா வரைஞ்சது. மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்ல வேணாம். நாம அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார் மேலாளர் எட்மண்ட்.

ஜெயசீலிதான் வழி சொன்னாள்: அந்தக் கணத்துக்கு வேண்டிய மின்சாரத்தைத் தேக்கிவைக்க ஒரு பெரிய கெப்பாசிட்டர். டெக்னீஷியன் சுலைமான் அதை போர்டின் அடிப்பக்கத்தில், பார்வைக்குப் படாமல் பற்றவைத்தான். வேபர் திரும்பி வந்து, பெட்டி தேறியதைப் பார்த்து, எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தார். அதற்குப் பிறகு யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் வேபர், "இதில் என்ன குறை?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பார். அவர் ஊரில் குறை சொல்லாதவன் வேலையே செய்யாதவன். இங்கே எல்லோரும் சிரித்துத் தலையாட்டினார்கள். அவர் அதைச் சம்மதமென்றே எடுத்துக்கொண்டார்.

ஜெர்மனியில் செய்த பெட்டிகள் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றையும் திறந்து கெப்பாசிட்டர் வைத்துவிடலாம் என்பது எட்மண்டின் கணக்கு. அதில்தான் இப்போது மண் விழுந்தது.

"யாரும் கைவைக்க முடியாதபடி, உள்ளே பிசின் ஊற்றி மூடியே அனுப்புவோம்" என்றார் வேபர் ஆங்கிலத்தில்.

சுலைமான் அவள் காதோரம் குனிந்தான். "இன்னாக்கா இது? பிசின ஊத்திட்டா எங்க போயி பத்தவெக்கிறது? பூத்துக்காரன் நம்மள தொரத்தித் தொரத்தி அடிப்பான்."

"கம்முனு இருடா" என்று எட்மண்ட் பல்லைக் கடித்தார். பிறகு அவளிடம், "ஜெயசீலி, ஜெர்மனிக்கு ட்ரெய்னிங் அனுப்புற லிஸ்டுல உன் பேர நான்தாம்மா குடுத்தேன்" என்றார்.

வேபர் நிமிர்ந்தார். "என்ன குறை?"

தலை தானாக ஆடப் பார்த்தது. கழுத்தை விறைத்துக்கொண்டு, "இருக்கிறது சார்" என்றாள்.

பெட்டியைத் திறந்து போர்டைக் கவிழ்த்துக் காட்டினாள். வேபர் பேனாவை மூடிவைத்துவிட்டு, கெப்பாசிட்டரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"யாருடைய யோசனை?"

"என்னுடையது."

"எப்போது?"

"பிப்ரவரியில்."

அவர் முகம் சிவந்தது. "பிப்ரவரியிலிருந்து தினமும் என்னோடு டீ குடிக்கிறீர்கள்."

"சார், உங்கள் மனம் நோகக்கூடாதென்றுதான்..." என்று எட்மண்ட் ஆரம்பித்தார். வேபர் அவர் பக்கம் திரும்பவில்லை.

"கழற்றுங்கள்" என்றார்.

சுலைமான் ஈயத்தை உருக்கிக் கெப்பாசிட்டரை எடுத்து மேசைமேல் வைத்தான். பெட்டியை ஓடவிட்டார்கள். சிவப்பு எண்கள் ஏறத் தொடங்கின. பக்கத்துப் பட்டறையில் பிரஸ் மிஷின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் அதிர்வு தரையில் தெரிந்தது. வேபரும் சுலைமானும் தலை முட்டிக்கொள்ளும் நெருக்கத்தில் குனிந்திருந்தார்கள். எட்மண்ட் நாற்காலியை விட்டு எழவில்லை. ஜெயசீலிக்கு மேலே டியூப்லைட் ஒருமுறை மங்கி, நடுங்கியது.