டோர்ட்மண்டில் இறங்காத கைகள்

டோர்ட்மண்ட் வடக்குத் தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க உயர்ந்த வலது கைகள், கூட்டம் முடிந்த பிறகும் இறங்கவில்லை. அது பங்குனி மாதத்துக் கடைசி ஞாயிறு. வெளியே ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்த வாரம் நகரத்தில் இதைவிடப் பெரிய செய்தி உபான் சுரங்க ரயில் ஓட்டுநர்களின் வேலைநிறுத்தம்தான்.

சங்கத்துக்கு நெடுங்காலமாகத் தலைவர் அரியரத்தினம், ஓய்வுபெற்ற பொறியியலாளர். வர்ஜீனியாவில் இருக்கும் மகளிடம் போய் அரை வருடம் தங்கிய அவர், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு பொழுது போகாமல், அந்த நாட்டின் அரசியல் யாப்பை எழுதியவர்களைப் பற்றி நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். அவர்கள் அரசனுக்குப் பயந்தார்கள், கூட்டத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடப் பயந்தார்கள் என்று அவருக்கு விளங்கியது. "அமெரிக்காவிலையே சனம் நேரடியாச் சனாதிபதியைத் தெரிவு செய்யிறேல்லை. இடையிலை ஒரு சபை இருக்கு," என்று வந்திறங்கிய கையோடு சொல்லத் தொடங்கினார். சங்கத்தின் யாப்பிலும் ஏழு பேர் கொண்ட ஓர் அறிஞர் சபை சேர்க்கப்பட்டது. சனம் கை உயர்த்தும், சபை யோசித்து முடிவு சொல்லும். இதைச் சனமே ஏகமனதாக நிறைவேற்றிக் கொடுத்தது. சமையலறையில் ஆட்டுக்கறி ஆறிக்கொண்டிருந்ததால் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

அடுத்த தேர்தலில் பவளம் நின்றாள். போர்சிக்பிளாட்ஸ் சதுக்கத்தில் கியோஸ்க் என்னும் சிறுகடை வைத்திருப்பவள். பத்திரிகை, பியர், லொத்தர், சனிக்கிழமைகளில் மட்டன் ரோல்ஸ். அவளுக்கு ஒலிவாங்கி தேவைப்படுவதில்லை. சங்க மண்டபத்தின் சாவி அரியரத்தினத்தின் வீட்டு ஆணியில் தொங்கியது. பண்டிகைக்கும் இலக்கியக் கூட்டத்துக்கும் தவிர மண்டபம் திறப்பதில்லை. "என்னைத் தெரிவு செய்தால் ஒவ்வொரு பின்னேரமும் திறப்பன். சீட்டு விளையாடுறவை விளையாடட்டும். வீட்டிலை தனிய இருக்கிறவை வந்து சும்மா குந்தட்டும்," என்றாள். பிள்ளைகள் எர்லாங்கனுக்கும் மியூனிக்குக்கும் வேலைக்குப் போய்விட, பின்னேரங்களில் தொலைக்காட்சியோடு கதைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நகரத்தில் நிறையப் பேர். மண்டபம் முழுக்கக் கைகள் எழும்பின. அறிஞர் சபை பக்கத்து அறைக்குள் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, அரியரத்தினமே மீண்டும் தலைவர் என்று அறிவித்தது.

"சரி, கையை இறக்குங்கோ," என்றார் அரியரத்தினம்.

"இறங்குதில்லை, அண்ணை," என்றார் முன்வரிசையில் இருந்த ஸ்ரீதரன். பக்கத்தில் இருந்தவர் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு பிள்ளைகள் அந்தக் கையில் தொங்கிப் பார்த்தார்கள். கை அசையவில்லை. பிள்ளைகள் அதிலேயே ஊஞ்சலாடத் தொடங்கினார்கள்.

தோள்மூட்டில் குறையொன்றும் இல்லை என்று டொக்டர்மார் சொன்னார்கள். பெரியவர்கள் முழுக்கையையும் விரித்து உயர்த்தியிருந்தார்கள். இங்கே பள்ளிக்கூடம் போனவர்கள் வகுப்பில் செய்வதுபோல் சுட்டுவிரலை மட்டும் நீட்டியிருந்தார்கள். வலது கையை எந்தக் கோணத்தில் உயர்த்துவது என்பது, பழைய சர்வாதிகாரியொருவரின் வணக்கத்தால், சட்டப் பிரச்சினையாக இருக்கும் நாட்டில் இதனால் ஒரு சங்கடம் வந்தது. பொலிஸ் சிலரை மறித்துப் பார்த்தது. கை நேர் செங்குத்தாக நிற்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, நல்ல நாளாகட்டும் என்று வாழ்த்தி அனுப்பியது. பஸ்ஸில் அவர்களை ஒருவரும் கவனிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படித்த நிஷாந்தனிடம் பேராசிரியர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் கருத்துக் கேட்டார்கள். வேறு வழியில்லாமல் அவன் படிக்கத் தொடங்கி நல்ல புள்ளிகள் எடுத்தான். ஊன்ட்றொப் அம்பாள் கோவில் தேரன்று சனமெல்லாம் தலைக்குமேல் கைகூப்பியபோது, இவர்கள் இடது கையையும் தூக்கிச் சேர்த்துக்கொண்டு சற்று நேரம் நிம்மதியாக நின்றார்கள்.

அரியரத்தினத்துக்குத் தெரியாதது, கடைசி வரிசையில் இருந்த அவருடைய மனைவி செல்லம் என்ன செய்தாள் என்பது. கூட்டம் முடிந்து காருக்கு வந்தபோது அவளுடைய கை கதவில் இடித்தது. கண்ணாடியை இறக்கி, உடம்பைச் சரித்துக் கையை வெளியே நீட்டிக்கொண்டுதான் அவள் உட்கார முடிந்தது. வலப்பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று நினைத்துப் பின்னால் வந்த வாகனங்கள் வழி விட்டுக்கொண்டே வந்தன.

"நீருமோ?" என்றார் அவர்.

"ஓம்."

"பவளத்துக்கோ?"

"ஓம். பின்னேரமானால் உங்களுக்குக் கூட்டம். எனக்கு ஆர் இருக்கினம்? மண்டபம் திறந்தால் நானும் போய்க் குந்தலாமெண்டு பார்த்தன்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"எத்தினை தரம் சொன்னனான்! வீட்டிலையும் நீங்கள்தானே அறிஞர் சபை."

அன்றிலிருந்து அவர் அவளுக்குச் சோறு ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் அமெரிக்க யாப்பை எழுதியவர்களின் நியாயத்தை எடுத்துச் சொன்னார். அவள் அவசரமில்லாமல் மென்றாள். கோடை முடியும் தறுவாயில் ஒரு காலை, அவளுக்குத் தலை வாரிவிட்டபோது உச்சி கோணலாகப் போயிற்று. செல்லம் கண்ணாடியில் பார்த்தாள். சண்டை பிடித்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். ஆணியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு நேரே கியோஸ்க்குக்குப் போய், பத்திரிகை அடுக்கின்மேல் வைத்துவிட்டு, "நீர்தான் தலைவர்," என்றார். நகரமெங்கும் கைகள் ஒரே நேரத்தில் இறங்கின. சில சமையலறைகளில் கறிச்சட்டி கவிழ்ந்தது. அவர் திரும்பி வந்தபோது செல்லம் கண்ணாடிக்கு முன்னால் நின்று, உச்சியைத் தானே நேராக்கிக்கொண்டிருந்தாள்.

பவளம் மண்டபத்தைத் திறந்தாள். அதோடு எல்லாவற்றையும் வாக்குக்கு விட்டாள். தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்பதற்குக்கூட வாக்கெடுப்பு நடந்தது. சனத்துக்கு ருசி பிடித்துவிட்டது. விளையாட்டுப் போட்டி நாளில் மழை பெய்யக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அன்று விடிந்ததிலிருந்து மழை. கைகள் மறுபடி ஏறி நின்றுவிட்டன. பவளம் அரியரத்தினத்தின் வீட்டுக்கு ஓடி வந்தாள். "அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ. என்னாலை ஏலாது." அவர் வந்து, மழை பெய்யக்கூடாது என்றிருந்த தீர்மானத்தை, மழை எங்கள்மேல் பெய்யக்கூடாது என்று திருத்தி, சாக்கோட்டத்தை மண்டபத்துக்குள் மாற்றினார். கைகள் இறங்கின. இறங்கிய கைகளெல்லாம் அவருக்குத் தட்டின. தலைவராக இருந்த காலம் முழுவதும் அப்படியொரு கைதட்டலை அவர் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு பவளம் தலைவர் பதவியின் மூன்றாம் தவணைக்கும் நிற்கப் புறப்பட்டாள். இப்போது கடைசி வரிசையில் செல்லத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரியரத்தினம் எழும்பி, யாருக்கும் இரண்டு தரம் போதும் என்று பிரேரணை கொண்டுவந்தார். பெரும்பான்மை கை உயர்த்தியது. பவளம் நெடுநேரம் யோசித்தாள். "சனம் ஒரு வேகத்திலை கையை உயர்த்திப்போடும். பொறுப்பான ஆக்கள்தான் யோசிக்கோணும். இதை ஏற்க ஏலாது," என்றாள். இதே வார்த்தைகளைத் தான் எங்கே சொன்னோம் என்று அரியரத்தினம் ஞாபகப்படுத்திப் பார்த்தார். மறுப்புச் சொல்லக் கை உயர்த்தலாம் என்று நினைத்தபோது அது ஏற்கெனவே உயர்ந்தே நின்றது.

மகளிடம் போக அவர் எடுத்திருந்த விமானச்சீட்டைத் திருப்ப முடியவில்லை. பிராங்பர்ட்டில் சோதனை இயந்திரத்துக்குள் இரண்டு கைகளையும் உயர்த்தச் சொன்னபோது அவருக்குப் பாதி வேலைதான் மிச்சம் இருந்தது. வாஷிங்டனில் குடிவரவு அதிகாரி, நரைத்த மனிதர், கையைப் பார்த்துக் காரணம் கேட்டார்.

"எங்கள் சங்கத்தில் வாக்களித்தேன். இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை," என்று ஆங்கிலத்தில் சொன்னார் அரியரத்தினம்.

அதிகாரி தலையாட்டினார். இடது கை ரேகையை மட்டும் எடுத்து, கடவுச்சீட்டில் முத்திரை குத்தி, தூண்களுக்கு அப்பால் இருந்த வேறொரு வரிசையைக் காட்டினார். அங்கே அமெரிக்கர்கள் பலர், பெட்டிகளோடும் பிள்ளைகளோடும், ஒரு கையை உயர்த்தியபடி காலநிலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அரியரத்தினம் பெட்டியை உருட்டிக்கொண்டு போய்க் கடைசியில் சேர்ந்துகொண்டார். அவருக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, அவருக்கு இடம் விடக் கொஞ்சம் நகர்ந்து நின்றாள்.