பதூல் வெட்டச் சொன்ன இடங்கள்

1

இந்தக் கதை ஒரு வாழ்த்திலிருந்து பிறந்தது. ஜோர்தானில், எங்கள் அம்மான் நகரத்தில், உழைக்கிற யாரைப் பார்த்தாலும், ரொட்டி சுடுகிறவரோ தெரு கூட்டுகிறவரோ, "அல்லா உனக்கு ஆஃபியா கொடுக்கட்டும்" என்போம். ஆஃபியா என்றால் எங்களுக்குத் தெம்பு. மொராக்கோவில் அதே சொல்லுக்கு நெருப்பு என்று பொருள். இதை வைத்து ஒரு சிரிப்புக் கதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சிரிப்பு இரண்டாம் பகுதியோடு தீர்ந்துபோனது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: கடல்களுக்கு அப்பால் அந்தப் பெண்ணின் முகம் திரையில் மலர்ந்தபோது

(அடித்துவிட்டேன். பதூலின் முகம் மலரவில்லை, வியர்த்திருந்தது.)

2

எங்கள் நிறுவனம் வீட்டுச் சாமான்கள் விற்கிறது. வாங்கியவர்கள் போனில் திட்டுவதைக் கேட்டுக்கொள்வது எங்கள் பிழைப்பு. எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். பக்கத்து நாற்காலியை எட்டிப் பார்த்துத் தொழில் பழக வழியில்லை. அதனால் ஒவ்வொருவரும் தான் சமாளித்த ஓர் அழைப்பை வைத்துச் சின்ன வீடியோ போட வேண்டும். மற்றவர்கள் பார்த்துவிட்டு வீடியோவிலேயே பதில் சொல்வார்கள். வெட்டி ஒட்டிச் சீராக்குவது என் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு வீடியோவாவது போடாவிட்டால் வேலை நிரந்தரமாகாது.

மொராக்கோவின் மெக்னெஸ் நகரத்துப் பதூல் புதியவள். அவளுடைய முதல் வீடியோவுக்கு முதல் பதில் உபைதாவிடமிருந்து வந்தது. அம்மானுக்குப் பக்கத்து ஸால்ட் ஊர்க்காரர், நல்ல மனிதர், தேநீர்க் குவளை இல்லாமல் கேமரா முன் வரமாட்டார். குவளையை உயர்த்தி, "அல்லா உனக்கு ஆஃபியா கொடுக்கட்டும், தங்கச்சி" என்றார். மறுநாள் பதூல் தன் வீடியோவை நீக்கிவிட்டாள். கூட்டங்களில் கேமராவையும் அணைத்துவிட்டாள்.

காசாபிளாங்காவிலிருந்து ஒருத்தி உபைதாவை விடவில்லை. "வாழ்த்துறேன்னு சொல்லி அந்தப் புள்ளைக்குக் கொள்ளி வச்சிட்டீங்களேண்ணே." பாவம், மனிதர் மொராக்கோப் பேச்சில் மன்னிப்புக் கேட்டு இன்னொரு வீடியோ போட்டார். அவர் உச்சரிப்பைக் கேட்டு ஊரே சிரித்தது. பதூல் மட்டும் வரவில்லை.

3

மொராக்கோவின் ரபாத்தில் இதைப் படிப்பவர் இந்நேரம் என்னை முறைத்துக்கொண்டிருப்பார். உங்களைப் போலவே பேசும் சிரியா நாட்டுத் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள், உங்கள் ஆஃபியா எங்களுக்குத் தெரியாதா என்பார். நியாயம்தான். எனக்கே என் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. அவளுக்குப் போன் போட்டேன்.

பதூலுக்குத் திக்குவாய். இதை முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளைத் திக்குவாய்க்காரியாகவே நீங்கள் சந்தித்திருப்பீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"நெருப்புன்னு நான் நெனைக்கவே இல்லக்கா. தெ... தெம்புன்னு எனக்குத் தெரியும்."

பிறகு ஏன் கோபம் என்று கேட்டேன்.

"மூட்டை தூக்குறவங்களைப் பார்த்துத்தானே அப்படிச் சொல்லுவீங்க? நான் பே... பேசத்தானே செஞ்சேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு வாக்கியத்தை முடிக்க அவள் பட்ட பாட்டை உபைதா பார்த்துவிட்டார். பார்த்ததை வாழ்த்தாகவும் சொல்லிவிட்டார். அவள் நெருப்பு என்று புரிந்துகொண்டதாக நினைத்து எல்லோரும் சிரித்ததில் அவளுக்கு நிம்மதிதானாம். உண்மைக் காரணத்தை யாரும் கேட்கவில்லை.

இந்த வாரம் வீடியோ போடாவிட்டால் வேலை போய்விடும் என்று நினைவூட்டினேன். எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னாள். "ஆனா அடைச்சுக்கிற எடத்தையெல்லாம் வெ..."

"வெளிய தெரியாம வைக்கணுமா?" என்றேன்.

"வெட்டிருங்க."

(அவசரக்குடுக்கை. என்னைத்தான் சொல்கிறேன்.)

4

அவள் அனுப்பிய வீடியோவில் மஸ்கட்காரர் ஒருவர். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய குளிர்சாதனப் பெட்டி கதவு நசுங்கி வந்திருக்கிறது. கத்துகிறார். பதூல் "மன்..." என்று தொடங்கி நின்றுவிடுகிறாள். அவர் இன்னும் கத்துகிறார். அவளுக்கு வரவில்லை. அவர் கத்தல் தேய்கிறது, நிற்கிறது. இருவர் மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு அவர் சொல்கிறார்: "மெதுவாவே சொல்லும்மா. எனக்கொண்ணும் அவசரமில்ல."

அதன்பின் எல்லாம் சுமுகமாக முடிந்தது.

அவள் கேட்டபடி வெட்டினேன். அருவிபோலப் பேசினாள். ஆனால் மஸ்கட்காரர் கத்திக்கொண்டே இருந்து காரணமில்லாமல் சட்டென்று கனிந்துவிட்டார், பைத்தியம் மாதிரி. இதைப் பார்த்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. கற்க வேண்டியதெல்லாம் நான் வெட்டிப்போட்ட துண்டில் கிடந்தது. அதை எத்தனையோ முறை போட்டுப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது.

5

முடிவு அ: வெட்டாததை அவளைக் கேட்காமலே போட்டேன். எல்லோரும் புகழ்ந்தார்கள், அவளும் (அடித்துவிட்டேன். துரோகத்துக்குக் கைதட்டல் எதற்கு?)

முடிவு ஆ: வெட்டியதைப் போட்டேன். வேலை நிரந்தரமானது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. (நடக்கக்கூடியது. அவளுக்கு இது போதுமாகவும் இருக்கலாம்.)

முடிவு இ: உபைதா தேநீர்க் குவளையோடு கண்ணீர்

(வேண்டாம்.)

6

உண்மையில் நான் செய்தது: இரண்டையும் அவளுக்கே அனுப்பினேன். வெட்டாததுதான் நல்லது என்பது என் எண்ணம், ஆனால் முகம் உன்னுடையது, நீ சொல்வதையே போடுகிறேன் என்று எழுதினேன்.

கடைசி நாள் சாயங்காலம் அழைத்தாள். இந்த முறை கேமராவைப் போட்டிருந்தாள். நெற்றியில் அதே வியர்வை. இரண்டையும் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த வெ..."

வெட்டினது, வெட்டாதது. இரண்டுக்கும் தலையெழுத்து ஒன்றுதான். என் நாக்கு நுனியில் ஒரு சொல் தயாராக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். உங்களிடமும் ஒன்று தயாராக இருக்கும்.

வழக்கப்படி இந்த இடத்தில் முடிவை உங்கள் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கமாட்டேன். அவள் பிறந்ததிலிருந்து அவள் வாக்கியங்களை மற்றவர்கள்தான் முடித்துவைக்கிறார்கள். இதுவாவது அவளுடையதாக இருக்கட்டும்.

உதடு அசைகிறது. ஒன்றும் சொல்லாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.