சொல்லிவிட்டுத் தொட்டவர்

1961இல் மருத்துவப் படிப்பின் கடைசி ஆண்டில் இருந்த நசருல்லா, சக மாணவர்களுடன் ஜவ்வாது மலைக்கு முகாமுக்கு வந்தான். வாணியம்பாடித் தோல் வியாபாரியின் மகன். எதிலும் முதலாக வரவேண்டும், அவ்வளவுதான் அவன் கொள்கை. முதல் நாள் காலையிலேயே நாற்பது நோயாளிகளைப் பார்த்து முடித்தான். மற்றவர்கள் இருபதைத் தாண்டவில்லை.

அந்த நாற்பது பேரில் ஒருவர் மாதையன். மலையில் சாமை பயிரிடுபவர். முன்கையில் பெரிய சீழ்க்கட்டி. நசருல்லா ஒரு வார்த்தையும் சொல்லாமல் கத்தியை வைத்துக் கீறினான். அவர் துடித்துக் கையை இழுத்தார்.

"ஆடாதே. பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு" என்று அதட்டிக் கட்டுப்போட்டு அனுப்பினான்.

மறுநாள் ஓடைக்குக் குளிக்கப் போன நசருல்லா பாறையில் வழுக்கி விழுந்தான். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மழையில் பாதை சரிந்திருந்ததால் ஜீப் போக வழியில்லை. கம்பளியை மூங்கில் கழியில் தூளிபோலக் கட்டி, அவனை அடிவாரத்து ஆலங்காயத்துக்குச் சுமந்து இறங்க நான்கு பேர் வந்தார்கள். முன்னால் கழியைத் தோளில் ஏற்றியவர் மாதையன்.

"டாக்டரே, பள்ளம் வருது. கால் குலுங்கும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "இப்ப தோள் மாத்தறோம். பல்லக் கடிச்சிக்குங்க."

வழி முழுக்க அப்படித்தான். வலி குறையவில்லை. ஆனால் எப்போது வரும் என்று தெரிந்ததால் தாங்க முடிந்தது.

சுனையருகே இறக்கி வைத்தபோது நசருல்லா சொன்னான்: "நேத்து உங்ககிட்ட ஒண்ணும் சொல்லாமயே கீறிட்டேன். மன்னிச்சிடுங்க."

"உசுரு போய் வந்துச்சிங்க" என்று மாதையன் சிரித்தார். "ஆனா, ஒரு வாரம் கழிச்சி நேத்துதான் தூங்கினேன். அது உங்க கையாலதான?"

நசருல்லா துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

முன்னால் ஓடி இறங்கிய மாணவன் ஒருவன் சொல்லியனுப்பியிருந்ததால், ஆலங்காயத்தில் அவன் அம்மா ஃபக்ருன்னிசா காத்திருந்தார். நால்வரையும் உட்கார வைத்துத் தன் கையாலேயே பரிமாறினார். வெயில் சாய்வதற்குள் அவர்கள் மலையேறிவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்துக் கல்லூரி ஆஸ்பத்திரி வார்டுக்குத் திரும்பிய நசருல்லா, "அம்மா, இப்ப கட்டைப் பிரிக்கப் போறேன், கொஞ்சம் எரியும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஒரு கிழவியின் தீப்புண்ணைத் தொட்டான். ஒவ்வொருவரிடமும் செலவிடும் நேரம் கூடியது. அந்த ஆண்டு முதலிடம் வேறொருவனுக்குப் போனது.

அவனுக்கு அதில் வருத்தமில்லை. தொழுகை முடிந்து கையேந்தும்போதெல்லாம் மாதையனுக்காகவும் கேட்டான்.