இரண்டு ஜாடியிலும் சிவப்புத் துணி

மகனின் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலை, கணவனின் முழங்காலுக்கு மருந்து எடுக்கப் பின்கட்டு அறைக்குள் போன யாச்சின், கையில் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அலமாரிக்குக் கீழே எப்போதும் போல இரண்டு ஜாடிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. இரண்டின் கழுத்திலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

ஒன்றில் வெள்ளைத் துணி இருந்திருக்க வேண்டும். இருபது வருஷமாக அப்படித்தான். ஆனி ஆடி வெயிலில், ஊசி குத்தினால் காய்க்குள் இன்னும் இறங்குகிற பதத்தில், மலையிலிருந்து காட்டு அக்ரூட் காய்களைப் பறித்து வந்து, பச்சைத் தோலை மட்டும் சீவி எடுத்துச் சோளச் சாராயத்தில் ஊறப் போடுவாள். சிவப்புத் துணி கட்டினது வயிற்று வலிக்குக் குடிக்கிறது. வெள்ளைத் துணி கட்டினது மூட்டுக்குத் தடவுகிறது. அதில் பச்சைத் தோலோடு நாவி என்கிற விஷ வேரையும் இடித்துப் போட்டிருப்பாள். தடவினால் வலி ஓடிவிடும். குடித்தால் உயிர் ஓடிவிடும். மூன்றாம் ஓடை ஊரில் பால் குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது.

ஆனால் ருய்ஷியா மூன்றாம் ஓடை ஊர்க்காரி இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், குதிரைக்கழுத்து மேட்டிலிருந்து நேற்று முன்தினம்தான் மருமகளாக வந்தவள். இன்று மூன்றாம் நாள் மறுவீடு. விடிந்ததும் புருஷனோடு டிராக்டரில் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள். கூடவே அவள் அப்பாவுக்கென்று ஒரு பாட்டில் வயிற்று வலி மருந்து. நேற்று ராத்திரி சாப்பிடும்போது யாச்சின்தான் வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "சம்பந்திக்கு வயிறு சரியில்லைன்னு சொன்னியே, சிவப்புத் துணி கட்டின ஜாடியிலேர்ந்து ஒரு பாட்டில் மோந்துக்கோம்மா."

யாச்சின் கரண்டியைத் தேடினாள். தான் பன்றிக்குத் தீனி கலக்கப் போன நேரத்தில் அந்தப் பெண் தானே மோந்து, தானே மூடி, கரண்டியையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறாள். கழுவாமல் போட்டிருந்தால் எந்த ஜாடிப் பக்கம் சொட்டியிருக்கிறது என்றாவது பார்க்கலாம். நல்ல பிள்ளையாக இருந்து தொலைத்ததுதான் வம்பு.

முதல் வேலையாக வேலியைத் தாண்டி ஓரகத்தி கெய்ஜியைப் பிடித்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் வீடு பூராவும் சிவப்புக் காகிதம் ஒட்டியவள் அவள்தான்.

"ஏண்டி, உன்னைச் சுவத்துல ஒட்டச் சொன்னா ஜாடியில ஏண்டி கைய வச்ச? என் வெள்ளைத் துணி எங்க?"

கெய்ஜி சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே நிதானமாகப் பார்த்தாள். "நான் எங்க கைய வச்சேன்? நீங்கதானே அக்கா அவுத்தீங்க. 'பொண்ணு உள்ள நுழையுற வீட்டுல வெள்ளையா, துக்க வீடா இது'ன்னு திட்டிக்கிட்டே அவுத்து அடுப்புல போட்டுட்டு, சிவப்பக் கட்டினீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்."

"நானா?"

"பின்ன, நானா?"

யாச்சின் யோசித்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாளில் அவளுக்கு நினைவிருந்ததெல்லாம் பன்றி வெட்டினவன் ஈரலைத் திருடினதும், தன் கையை எப்படி மறைப்பது என்ற கவலையும்தான். அக்ரூட் தோல் சீவின கை மாசக்கணக்கில் கரியாகவே இருக்கும். சோப்பு, சாம்பல், எது போட்டாலும் போகாது. சம்பந்தியம்மா பார்த்தால் என்ன நினைப்பாள் என்று அன்றைக்கெல்லாம் சட்டைக் கைக்குள்ளேயே விரல்களை இழுத்துக்கொண்டு அலைந்தாள். அந்த அவசரத்தில் அவிழ்த்திருக்கலாம். அடுப்பில் ஏதோ துணி பொசுங்கின நாற்றம் இப்போது லேசாக நினைவுக்கு வந்தது. வந்திருக்க வேண்டாம் போலிருந்தது.

திரும்ப வந்து ஜாடிகளின் முன் குந்தினாள். இரண்டும் ஒரே சந்தையில் வாங்கியவை. எது எந்தப் பக்கம் என்று அவள் பார்த்ததே இல்லை, துணியைத்தான் பார்ப்பாள். இரண்டிலும் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தது. ஒன்றை நிச்சயதார்த்த விருந்தாளிகள் குடித்துக் குறைத்திருந்தார்கள், இன்னொன்றை அவள் புருஷன் தடவியே குறைத்திருந்தான். முகர்ந்து பார்த்தாள், ஒரே காட்டம். கரண்டியை விட்டுத் துழாவினாள். கறுத்துப்போன தோல் எது, கறுத்துப்போன வேர் எது என்று யாரால் சொல்ல முடியும்? மற்ற வருஷம் என்றால் குடிக்கிற ஜாடியில் சர்க்கரை போடுவாள். இந்த வருஷம் சர்க்கரையெல்லாம் கல்யாணப் பலகாரத்துக்குப் போய்விட்டது.

நாவி வேர் நாக்கை மரத்துப்போக வைக்கும். அதுதான் வழி. இடது ஜாடியில் சுண்டுவிரலை நனைத்து நுனிநாக்கில் ஒரு சொட்டு வைத்தாள். மரத்தது. "இதுதான் வெள்ளை" என்று சொல்லிக்கொண்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, நிச்சயப்படுத்திக்கொள்ள வலது ஜாடியிலிருந்தும் ஒரு சொட்டு வைத்தாள். அதுவும் மரத்தது. பயத்தில் வெறும் தண்ணீரைக் குடித்தாள். தண்ணீரும் மரத்தது.

"என்னடி பண்ற அங்க?" அடியில் தீ மூட்டிய செங்கல் படுக்கை மேடையின் சூட்டில் முழங்காலைக் காய வைத்தபடி அவள் கணவன் துவான் கேட்டான்.

சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னாள். துவான் குழாயில் புகையிலை அடைப்பதை நிறுத்தவில்லை.

"சரி, இடதுதான் வெள்ளைன்னு வச்சுக்க. தெரிஞ்சு என்ன பண்ணப்போற? அவ எதுல மோந்தான்னு உனக்குத் தெரியுமா?"

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நேரமும் நாக்கைப் புண்ணாக்கிக்கொண்டது எதற்கு என்றும் புரியவில்லை.

"அவசரப்படாத," என்றான் துவான். "கொண்டுபோனவங்க முன்னாடி எவனாச்சும் சீர்ப் பொருளப் பிரிப்பானா? பொண்ணு மாப்பிள்ளை கிளம்பிப் போன பிறகுதான் பாட்டிலத் திறப்பாரு. முறைப்படி பொழுது சாயறதுக்குள்ள இவங்க கிளம்பியாகணும். அதுவரைக்கும் அந்த மனுஷனுக்கு ஆயுசு உண்டு."

"அதுக்கப்புறம்?"

துவான் குழாயைப் பற்றவைத்தான். அப்புறம் மெதுவாக, "மறுவீட்டுச் சீரா விஷத்தக் குடுத்தோம்னு போய்ச் சொல்லிடாத. ஏழு தலைமுறைக்குப் பேசுவானுங்க," என்றான்.

யாச்சின் ஒரு பாட்டில் வெறும் சோளச் சாராயத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். யாரும் பார்க்காதபோது மாற்றி வைத்துவிடலாம். டிராக்டர் பாதை மலையைச் சுற்றிப் போகும். அவள் முகட்டைத் தாண்டும் ஒற்றையடிப் பாதையைப் பிடித்தாள். நடந்தால் நாலு மணி நேரம்.

வழியெல்லாம் பொய் தயாரித்தாள். 'கெட்டுப்போன சரக்கு, புளிச்சுப்போச்சு' என்று சொன்னால்? கெட்ட சரக்கையா கொடுத்தாய் என்பார்கள். 'மண்ணெண்ணெய் பாட்டில் மாறிடுச்சு' என்றால்? திறந்து முகர்ந்து பார்த்துவிட்டால்? ஓடையைத் தாண்டும்போது ஒரு நல்ல பொய் கிடைத்தது. மேட்டில் ஏறுவதற்குள் அது மறந்துபோனது. திரும்ப ஓடைக்கே போய் யோசிக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அக்ரூட் மரங்கள் இலை உதிர்க்க ஆரம்பித்திருந்தன. ஒவ்வொரு மரத்தையும் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. அவற்றின் மேல் என்ன தப்பு? அதுவும் அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

குதிரைக்கழுத்து மேட்டை எட்டும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சம்பந்தி வீட்டு வாசலில் டிராக்டர் இன்னும் நின்றது. உயிர் போய் உயிர் வந்தது அவளுக்கு. தலைமயிரெல்லாம் சருகு ஒட்ட, மூச்சிரைக்க உள்ளே நுழைந்தாள்.

உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். சம்பந்தியம்மாவின் முகம் சுண்டிப்போனது. கொழுக்கட்டைத் தட்டு அவள் கையிலேயே நின்றுவிட்டது.

மறுவீட்டு நாளில் மாப்பிள்ளையின் தாய் பின்னாலேயே வருவது எங்கும் கிடையாது. வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உங்கள் பெண் வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். யாச்சினுக்கு இது அந்த முகங்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. சட்டைக் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டாள்.

"சம்பந்தி," என்றார் ருய்ஷியாவின் அப்பா யின். ஒல்லியான மனிதர், பேசும்போதே வயிற்றைப் பிடித்துக்கொள்வார். "பொண்ணு ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா என்னைத் திட்டுங்க. நான் வளத்தது சரியில்ல."

"அய்யோ, அதில்லைங்க. அவ தங்கம்."

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கீங்க?"

"சும்மாதான். இந்தப் பக்கமா வந்தேன்."

"மலையத் தாண்டியா?"

"ஆமா. காத்து நல்லா இருந்துச்சு."

அவள் மகன் ஜின்ஷெங் அம்மாவைப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்பது போலப் பார்த்தான். யாச்சினின் கண் மட்டும் அலமாரி மேலேயே இருந்தது. அங்கே, சிவப்புக் காகிதம் சுற்றிய பாட்டில் திறக்கப்படாமல் நின்றது. நடுக்கூடத்தில் பத்து ஜோடிக் கண். மடியிலிருந்த பாட்டிலை மாற்றுவதாவது ஒன்றாவது.

அவள் பார்வை போன இடத்தை யின் பார்த்துவிட்டார். கொடுத்த சீரைத் தாங்கள் மதிக்கவில்லை என்றுதான் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பாவம், மனிதர் பதறிப்போனார்.

"அடடா, சம்பந்தியே நேர்ல வந்தப்புறம் முறை என்ன முறை. உங்க கையால பண்ணின மருந்து, உங்க முன்னாடியே குடிக்கறேன்." பாட்டிலை எடுத்துக் காகிதத்தைக் கிழித்து, இரண்டு கிண்ணத்தில் ஊற்றினார். ஒன்றை இரண்டு கையாலும் யாச்சினிடம் கொடுத்தார். தன்னுடையதை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

அவள் வராமலே இருந்திருந்தால் பொழுது சாயும்வரை அந்தப் பாட்டில் அலமாரியில் பத்திரமாக இருந்திருக்கும். திறக்க வைத்ததே அவள்தான்.

"குடிக்காதீங்க," என்றாள். தன் குரலே யாருடையதோ போலக் கேட்டது. "கீழ வைங்க. அது குடிக்கறதா தடவறதான்னு எனக்குத் தெரியல. தடவறதுல நாவி வேர் இருக்கு. வெள்ளைத் துணிய நானே அவுத்துட்டேன், சிவப்ப நானே கட்டிட்டேன், இவளை மோந்துக்கச் சொன்னதும் நான்தான். எனக்கு ஒண்ணும் தெரியல. வெக்கத்துல பொய் சொல்ல வந்தேன், பொய்யும் வரமாட்டேங்குது."

யின் கிண்ணத்தை மெதுவாக மேசைமேல் வைத்தார். சம்பந்தியம்மா தட்டோடு உட்கார்ந்துவிட்டாள்.

அடுக்களை வாசலில் நின்ற ருய்ஷியா முன்னால் வந்தாள். "இது குடிக்கறதுதான் அத்தை."

"உனக்கு எப்படித் தெரியும்? ரெண்டுலயும் சிவப்புதானே கட்டியிருந்துச்சு?"

"ஆமா, ரெண்டுலயும் சிவப்புதான். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேன். கதவுப் பக்கம் இருந்தத எடுத்தேன்." ருய்ஷியா ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "ஆனா காலையில மோந்ததும் நான் ஒரு கிண்ணம் குடிச்சுப் பாத்தேன்."

"ஏண்டி குடிச்ச?"

"அப்பாவுக்குக் குடுக்கறது. அவருக்கு வயிறு தாங்காது. நான் குடிச்சுப் பாக்காம எப்படிக் குடுப்பேன்?"

"எவ்வளவு?"

"ஒரு கிண்ணம்னேனே. முழுசா. கசப்புத் தாங்கல." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "விடிகாலையில குடிச்சேன். இப்பப் பாருங்க, நல்லாத்தானே இருக்கேன்."

ஜின்ஷெங் பெண்டாட்டியின் பக்கத்தில் போய் நின்றான். யாச்சின் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். சம்பந்தி சாகாமல் பிழைத்தார் என்ற நிம்மதி வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து நின்றது. நாலு மணி நேரம் நடந்தாள். சம்பந்தியின் உயிரை நினைத்தாள், ஊர் வாயை நினைத்தாள், துவானின் ஏழு தலைமுறையை நினைத்தாள். ஜாடிக்குள் கரண்டியை விட்ட இந்தப் பெண்ணை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. வந்த மூன்றாம் நாள். கதவுப் பக்கத்து ஜாடிக்குப் பதில் சுவர்ப் பக்கத்து ஜாடியைத் திறந்திருந்தால், யாச்சின் பன்றிக்குத் தீனி கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

"அத்தை, எதுக்கு அழறீங்க? ஒண்ணும் ஆகலையே," என்றாள் ருய்ஷியா, ஒன்றும் புரியாமல். குனிந்து அவள் கையைப் பிடித்தாள். சட்டைக் கைக்குள்ளிருந்து அந்தக் கரி விரல்கள் வெளியே வந்தன. யாச்சின் அவற்றை இழுத்துக்கொள்ளவில்லை.

யின் கிண்ணத்தைத் திரும்ப எடுத்தார். சம்பந்தியம்மா தடுக்கப் பார்த்தாள். "எம் பொண்ணு குடிச்சுப் பாத்தது," என்று சொல்லி ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

பொழுது சாய்வதற்கு முன் மூன்று பேரும் டிராக்டரில் கிளம்பினார்கள். ஜின்ஷெங் ஓட்டினான். பின்னால் வைக்கோல் மேல் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்தார்கள். குதிரைக்கழுத்து மேட்டுத் திருப்பம் தாண்டியதும் யாச்சின் சொன்னாள்: "நாக்க நீட்டு."

ருய்ஷியா நீட்டினாள். யாச்சின் தன் கரி விரலால் அதைத் தொட்டாள்.

"தெரியுதா?"

"தெரியுது அத்தை."

"மரக்கலையே?"

"மரக்கல."

பாலத்தில் ஒரு தடவை, மர அறுவை மில் தாண்டி ஒரு தடவை, ஊர் எல்லையில் ஒரு தடவை. கேட்கிறவளுக்கே அது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்திருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் ஏழு தடவை கேட்டுவிட்டாள். ருய்ஷியா ஏழு தடவையும் நாக்கை நீட்டினாள்.