கருவி சொல்லாமல் விட்ட ஏழு

கணினியிடம் கேட்டு வாங்கிய நினைவகத்தை ஒரு நிரல் திருப்பித் தராமல் விட்டால், அதைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. நானும் அக்காவும் சேர்ந்து எழுதிய நிரலில் 'பிழை இல்லை' என்று மாலை வகுப்பின் லினக்ஸ் கணினியில் அது சொன்னது. வகுப்பெடுக்கும் சார் தன் கணினியில் ஓட்டியபோது நாற்பத்தொரு பிழைகள்.

"ரெண்டு பேருமா சேர்ந்து என் காதுல பூ சுத்துறீங்களா?" என்றார் சார். நாளைக்குள் காரணம் சொல்லாவிட்டால், அவர் அலுவலகத்தில் தருவதாகச் சொன்ன பயிற்சி வேலை இருவருக்கும் இல்லை.

வழக்கம்போல முதலில் என்னையே சந்தேகப்பட்டேன். கட்டளையை மூன்று முறை அடித்துப் பார்த்தேன். கருவியின் பதிப்பை ஒப்பிட்டேன். இரண்டு கணினியிலும் ஒன்றுதான். நிரலை மறுபடி தொகுத்து ஓட்டினேன். பிழை இல்லை. கடைசியில், நாங்கள் இருவரும் பயன்படுத்தும் கணக்கில் மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டச் சொன்னேன். கருவிக்கான அமைப்புக் கோப்பு ஒன்று இருந்தது. அதில் ஒரு பட்டியல்: நிரலின் பகுதிகளான செயற்கூறுகளில் இன்னின்னவற்றில் வரும் பிழைகளைச் சொல்லாதே. கோப்பின் தேதியைப் பார்த்தால், நான் காய்ச்சலில் வராத செவ்வாய்க்கிழமை எழுதியது.

பக்கத்து நாற்காலியில் அக்கா நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நீதானே?"

"ஆமா, இப்ப அதுக்கென்ன? பட்டியல்ல இருக்கிறது யாரு எழுதினதுன்னு பார்த்தியாடி, மேதாவி?"

பார்த்தேன். ஏழு செயற்கூறுகள். ஏழும் நான் எழுதியவை.

"ஒவ்வொரு வரியையும் நாலு தடவை பார்ப்ப. பார்த்தும் இந்த லட்சணம். சொல்லியிருந்தா அன்னைக்கே வகுப்பை விட்டு ஓடியிருப்ப. நானே சரிபண்ணிடலாம்னு இருந்தேன்."

"பண்ணலையே."

"நான் ஒண்ணை அடைச்சா நீ ரெண்டு ஓட்டை போட்டியே!"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டியலை நீக்கிவிட்டு ஓட்டினேன். நாற்பத்தொன்று. நடந்ததை எழுதி, பிழையான ஏழும் என்னுடையவை என்று சேர்த்துச் சாருக்கு அனுப்பினேன். பட்டியல் போட்டது யார் என்று எழுதவில்லை. அதை அவளே சொல்வாள் என்று நினைத்தேன்.

மறுநாள் சார் எங்களை நிற்கவைத்து என்னைப் பார்த்தார்.

"தப்பும் உன்னுது. அப்ப மறைச்சதும் நீதானே?"

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வரை எண்ணினேன்.

"ஆமா சார்" என்றேன்.

வேலை அக்காவுக்கு. நான் அடுத்த வாரம் முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

வீட்டில் அக்கா அம்மாவிடம் சொன்னாள்: "திட்டாதம்மா, பாவம். அவளால முடிஞ்சது அவ்வளவுதான்."